அலைத்தடுப்பைத் தாண்டாத கப்பல்

என் தம்பியின் கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்காது. வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் சின்னக் கப்பலில் அவனுக்கு வேலை. மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு லீவில் வருவான். வந்தவன் கல்யாணம் காட்சி என்று நாலு இடம் போவானா, சொந்தக்காரர்களைப் பார்ப்பானா என்றால் அதெல்லாம் கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கப்பல் ஓட்டுவான்.

"ஏலே, ஒனக்குக் கப்பலு அலுக்கவே அலுக்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அங்கன நான் கயிறுதாம்க்கா இழுக்குதேன். இங்கன நான்தான் கேப்டன்" என்றான்.

இதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது? நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் கப்பல் வந்ததா, போனதா என்று போனில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் கப்பல். அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர், கடைசியில் தண்டலாக இருந்து தோணியையே நடத்தியவர். முட்டி தேய்ந்து வீட்டோடு ஆன பிறகும் அவர் பேச்சில் கடல் குறையவில்லை. எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் நடக்கிற ஒரே காரியம் அம்மாவின் சமையல்தான், அதிலும் மீன்.

கம்ப்யூட்டர் பெட்டியை அவனே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினான். ஒரு கிராபிக்ஸ் கார்டு போதாதென்று இரண்டு கார்டுகள். திரையில் தெரியும் படத்தை வரைவது அந்தக் கார்டின் வேலை. படம் எவ்வளவு அழகோ அவ்வளவு சூடு. மூன்று திரைகளை வரிசையாக வைத்துக் கப்பல் மேல்தளத்துச் சன்னல்கள் போல ஆக்கியிருந்தான், மூன்றிலும் கடலை வரைய இரண்டு கார்டும் சேர்ந்து உழைத்தாக வேண்டும். பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளியில் அவை மாட்டியிருந்தன. கீழ்க் கார்டு விடும் அனலை மேல் கார்டு இழுத்துக் குடிக்கும். அதனால் எல்லா ஃபேன்களும் சேர்ந்து கூச்சல் போடும். "வீட்டுக்குள்ள மில்லு ஓடுது" என்று அம்மா திட்டுவாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால்தான் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்பது அவளுக்கு உறுதி. அடுப்படியில் நின்றபடியே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்வாள்.

பெட்டிக்குள் எரியும் அலங்கார விளக்கையும் அவன் கப்பலுக்கு உள்ளது போலவே வைத்திருந்தான், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. கடலில் தூரத்தில் சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் கப்பல் நேராக நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். அறை வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒருசேரத் தெரியும்.

கடைசி லீவில் அவன் ஒரு பயணம் தொடங்கினான். வளைகுடாவில் புறப்பட்டு எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்தை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து, அந்த விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டிருந்தார். முயல் தீவுக் கலங்கரை விளக்கு, நிலக்கரிக் குவியல், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அலைத்தடுப்புச் சுவரின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இருந்தன. மனிதர்களை மட்டும் அவர் செய்யவில்லை. துறைமுகம் முழுக்க ஒரு ஆள் கிடையாது. லீவு முடிந்து கிளம்பும்போது கப்பல் பாதி வழியில் இருந்தது. "அடுத்த லீவுல வந்து கரை சேத்துருதேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆள் எண்ணிக்கை எடுத்தபோது அவன் கப்பலில் இல்லை. தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். எப்போது விழுந்தான், எப்படி விழுந்தான் என்று பார்த்தவர் யாரும் இல்லை. உடல் கிடைக்கவில்லை.

உடல் வராமல் போனால், பெற்றவள் வாய் திறந்து சொல்லும்வரை இறந்தவர் பூசை வைப்பதில்லை என்பது எங்கள் சொந்தத்தில் வழக்கம். மாதா கோயில் சாமியார் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள், தானும் உட்கார்ந்தாள். "கரைக்கு வராதவனுக்கு என்ன பூசை சாமி" என்றாள். குரல்கூட உயரவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் அவன் படத்துக்கு மாலை கிடையாது, ஊதுபத்தி கிடையாது, அழுகையும் கிடையாது. அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஆளுக்கொரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தோம். அந்த அறைக்கதவைச் சாத்திவிட்டோம். அம்மா அதன் பக்கமே போகமாட்டாள்.

பல மாதம் கழித்து அவனுடைய பாஸ்போர்ட் நகல் ஒன்று தேவைப்பட்டு நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுந்ததும் தானாகவே விளையாட்டு திறக்கும்படி அவன் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்று திரையிலும் கடல் வந்தது. எஞ்சின் நிறுத்திய ஒரு கப்பல், ஆள் இல்லாமல், அலையில் மேலும் கீழும் ஆடிக்கொண்டு நின்றது.  ஃபேன் சத்தம் கேட்டு அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நடுக்கடல்ல இப்பிடியேவா விட்டுட்டுப் போனான்?" என்றார். பிறகு அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. அந்தக் கப்பலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் படித்துச் சொன்னேன், அவர் இரண்டு விரலால் ஓட்டினார். திறந்த கடலில் கப்பல் நன்றாகவே போனது. ஒவ்வொரு நாளும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, அந்த இடத்தைப் பதிந்து வைப்போம். கன்னியாகுமரியைச் சுற்றி வந்தோம். மணப்பாடு தாண்டினோம். ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருந்த மனிதர் தூங்க ஆரம்பித்தார். அதற்காகவே நானும் ஆபீஸ் விட்டதும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பல் சேர்ந்துவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்று நினைத்தேன். எது முடியும் என்று யோசிக்கவில்லை.

முயல் தீவு விளக்கு கண்ணுக்குத் தெரிந்த அன்றுதான் சனியன் பிடித்தது. துறைமுக எல்லைக்குள் நுழைந்துவிட்டால் அந்த விளையாட்டில் பதிந்து வைக்க முடியாது. ஒரே ஓட்டமாக உள்ளே போய்க் கட்ட வேண்டும். அந்த முகம் தெரியாத புண்ணியவான் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் செய்து வைத்திருந்தாரா, சுவரை நெருங்க நெருங்கக் கார்டு இரண்டும் திணறின. திரையின் ஓரத்தில் சூடு எவ்வளவு என்று காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. ஃபேன்கள் அலறின. அலைத்தடுப்புச் சுவரின் முனை இதோ என்று வந்தபோது மூன்று திரையும் ஒரே அடியாகக் கறுத்தன. ஃபேன்கள் வேகம் குறைந்து குறைந்து ஒரு நீள மூச்சாக அடங்கின. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அப்பா பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்போது யாரும் தொடாமலே சிவப்பும் பச்சையும் எரிந்தன. சூடு தணிந்ததும் தானே எழும்படி அவன் வைத்திருந்தான், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சங்கதி தெரிந்தும் மயிர்க்கூச்சம் நிற்கவில்லை. கடல் வந்தது. கப்பல் பழையபடி துறைமுகத்துக்கு வெளியே, நாங்கள் கடைசியாகப் பதிந்து வைத்த இடத்தில், ஆடிக்கொண்டு நின்றது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சுவர் முனை வரை வரும், மூச்சடங்கும், தானே விழித்துக்கொண்டு வெளியே போய் நிற்கும். அப்பா மறுபடி தூக்கத்தை விட்டார். "உள்ள வர மாட்டேங்குதானே" என்றார் ஒரு நாள். கப்பலைச் சொல்வதாக இருந்தால் 'மாட்டேங்குதே' என்றிருக்க வேண்டும்.

நான் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன். சூடு குறைந்தது, ஆனால் கப்பல் உள்ளே போகும் வாய்க்காலைக் காட்டும் மிதவை விளக்குகள் காணாமல் போயின. "வெளக்கில்லாம எப்பிடிளா உள்ள போக?" என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கார்டைக் கழற்றிவிடலாம் என்றேன். "அவன் பூட்டுனதக் கழத்தாத." அதோடு சரி. பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தேன். ஒரு வாரத்தில் உள்ளே திருகாணிகளின் தலையில் துரு பூத்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு பாதி, மிச்சம் கரித்தூள். கண்ணாடியை மறுபடி பூட்டினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் அறைக்கு ஏசி போடச் சொன்னார். அறையின் சன்னலைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார், அதன் இரண்டு கதவில் ஒன்றுதான் மிச்சம்.

பிறகு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். சன்னல் கிழக்கே கடலைப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் கொண்டல் அடிக்கும், குளிர்ந்த காற்று. பெட்டியின் முதுகைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தார். "காத்தப் பின்னால வாங்குனாத்தாம்ளா ஓட்டம்" என்றார். பாயில் ஓடிய தோணிக்காரர் வேறு எப்படிச் சொல்வார்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இத்தனை வருஷம் அவர் சோறு தின்றவள்தானே. காற்று எழுந்ததும் ஓட்டத் தொடங்குவோம். ஆனால் முன்பைவிடச் சீக்கிரமாகப் பெட்டி அடங்கியது. சுவர் முனையைக்கூட எட்டவில்லை. காற்று எவ்வளவு நன்றாக அடித்ததோ அவ்வளவு சீக்கிரம் அடங்கியது. அது வேண்டுமென்றே செய்கிறது என்று நான் நம்பத் தொடங்கினேன். படித்தவள், ஆபீஸ் போகிறவள், இரும்புப் பெட்டியிடம் "ஏம்லே இப்பிடிப் பண்ணுத?" என்று கேட்டிருக்கிறேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. பெட்டிக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது என்று தெரிய ஒரு புகையைக் காட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மாதா சொரூபத்துக்குக் கீழே இருந்த கட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்து கொளுத்தினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

வாசனை அடுப்படிக்குப் போய்விட்டது. அத்தனை மாதமாக அந்தக் கதவைத் தொடாத அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"யாருக்குளா பத்தி கொளுத்துத?"

"காத்து எங்கன போவுதுன்னு பாக்கதுக்கும்மா."

"நான் சொன்னனா? நான் சொல்லாம யாருளா ஒங்களுக்குச் சொன்னது?"  அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

அப்பா என் கையிலிருந்து பத்தியை வாங்கினார். "கத்தாத. இங்கன வந்து பாரு" என்று அதைப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் பிடித்தார். அனலை வெளியே தள்ள வேண்டிய இடம் அது. புகை வெளியே வரவில்லை. சன்னல் காற்றில் வளைந்து பெட்டிக்குள் போனது. உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இரண்டு கார்டுக்கும் நடுவே புகுந்து, போக வழியில்லாமல் அங்கேயே சுழன்றது. முன்பக்கம் காற்றை இழுக்க வேண்டிய இடத்தில் புகை அசையவே இல்லை.

"அனலு வெளிய வரணும். காத்து அத உள்ள தள்ளுது. நான்தான் திருப்பி வச்சேன்" என்றார் அப்பா. அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னது போல இல்லை.

அம்மா சுழலும் புகையை வெகுநேரம் பார்த்தாள். "மூச்சு முட்டுதாக்கும்" என்றாள். பிறகு பத்தியை வாங்கி, நுனியை ஈரக்கையால் நசுக்கி அணைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வேலை சுலபம். பெட்டியை மறுபடி திருப்பி அதன் முகத்தைச் சன்னலுக்குக் காட்டினோம். உப்பு உள்ளே போகாதிருக்கத் தம்பி முன்பக்கத்தில் கட்டியிருந்த மெல்லிய துணி கரியும் உப்பும் ஏறித் தோல் மாதிரி விறைத்திருந்தது. அதைக் கழற்றி அலசினேன், வாளித் தண்ணீர் கறுத்தது. ஃபேன் இதழ்களையும் கார்டுகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, முன்பக்க ஃபேனிலிருந்து நேராக இரண்டு கார்டின் நடுவுக்குக் காற்று போகும்படி ஒரு பாதை செய்து ஒட்டினேன். மேல் கார்டுக்கு இனிமேல் கீழ்க் கார்டின் அனல் வேண்டாம், தனிக் காற்று. மறுபடி பத்தி கொளுத்தும் தைரியம் வரவில்லை. ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தேன். பெட்டியின் பின்னால் நூல் வெளிப்பக்கமாகப் பறந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சூடு குறைந்ததால் ஃபேன்கள் கத்தவில்லை. பெட்டி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அந்த அமைதி எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. அம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"சத்தத்தக் காணும்" என்றாள். போனவள் கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து அதையே கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் அவர் சட்டை போடுவதில்லை. கப்பலைக் கிளப்பினார். முயல் தீவு விளக்கு வந்தது. மிதவைகள் ஒவ்வொன்றாக வந்து இரண்டு பக்கமும் கழிந்தன. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதில் ஏறி, அதற்குக் கொஞ்சம் மேலே போய், அங்கேயே நின்றுவிட்டது. அப்பா வேகத்தைக் குறைத்தார். சுவர் முனை நெருங்கியது. பெட்டி ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் ஓடியது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வேண்டாம் என்றிருந்தது. இத்தனை நாள் அவன் வெளியே இருந்தான். வர மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டாவது இருந்தான். இது உள்ளே போய்விட்டால் அப்புறம் அவன் எங்கே இருப்பான்? நான் வேண்டிக்கொண்டேன். சூடாகு, அடங்கு, தானே எழுந்து பழைய இடத்தில் போய் நில் என்று வேண்டிக்கொண்டேன். எண் ஏறத் தொடங்கியது. எழுபத்தெட்டு, எண்பத்தொன்று. உள்ளங்கை சுட்ட பிறகுதான் தெரிந்தது, பெட்டியின் பின்னால் அனல் வெளிவரும் துளைகளை என் கை பொத்திக்கொண்டிருந்தது.

அப்பா என் கையைப் பார்த்தார். திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கைய எடுளா" என்றார். "வரட்டும்."

எடுத்தேன். அனல் காற்று என் வயிற்றில் அடித்து வெளியேறியது. எண் இறங்கியது. கப்பல் சுவர் முனையைத் தாண்டி உள்ளே போனது. உள்ளே தண்ணீர் ஆடவில்லை. நிலக்கரிக் குவியலைக் கடந்து, புகைபோக்கிகளின் நிழலில், அப்பா அதைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கரையோரம் கொண்டுபோய் அணைத்தார். கயிறு பிடிக்கக் கரையில் ஒரு ஆள்கூட இல்லை. பொத்தானை அழுத்தினார், கயிறுகள் தாமே போய் மாட்டிக்கொண்டன. எஞ்சினை நிறுத்தினார். பயணம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது.

அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. வெறுமையாகக் கிடந்த அந்தத் துறைமுகத்தைத் திரை திரையாகப் பார்த்தாள்.

"எறங்கிட்டானா?" என்று கேட்டாள்.

அப்பா திரும்பவில்லை. கடல் விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

"எறங்கிட்டாம்ளா" என்றார்.

அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்போ நாளைக்கு சாமிகிட்டச் சொல்லிருங்க" என்றாள். "எம் பிள்ளைக்குப் பூசை வைக்கணும்னு."